எண்பத்தெட்டாவது வீடு

வின்டர்தூர், சுவிஸ்
2 மார்ச் 2025

அன்புள்ள சிவரூபினி அக்காவுக்கு,

நான் சுகம். அம்மா சுகம். அப்பா சுகம், ஆனால் கோபம். என் கைபேசி ஹன்டிக்குத்தான் சுகமில்லை. அப்பாவின் அலுமாரிக்குள் நாலு மாதச் சிறையில் கிடக்கிறது. உங்கள் சுகத்தை எழுதி அனுப்பவும்.

அம்மா இரண்டு கட்டளை போட்டிருக்கிறார். மின்னஞ்சல் என்றாலும் அக்காவுக்குக் கடிதம் போலத் தமிழில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் தமிழ்ச் சோதனையில் கடிதத்துக்குப் பதினைந்து புள்ளி. மற்றது, மரியாதையாக 'நீங்கள்' போட வேண்டும். ஆகவே நீங்கள், நீங்கள், நீங்கள். மூன்று கூடுதலாக வைத்திருக்கிறேன். குறைகிற இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா உங்களுக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். நான் தொழில் பழகுகிற கீட்டா என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கொளுக்கிக்கு மேலும் ஒரு மிருகத்தின் படம் ஒட்டியிருக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான் தங்கள் சப்பாத்தை எடுப்பார்கள். ஒரு வியாழக்கிழமை நான் நரியை வாத்தின் இடத்திலும் வாத்தை முள்ளம்பன்றியின் இடத்திலும் மாற்றி ஒட்டிவிட்டேன். பன்னிரண்டு பிள்ளைகளும் அழுதார்கள். நிலையத் தலைவி அழவில்லை, எழுதினார். எச்சரிக்கைக் கடிதம். "முதல் வருசத்திலேயே முதல் பரிசு" என்று அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பகிடிக்குத்தான் ஹன்டி போனது.

தண்டனையின் மற்றப் பாதி நீங்கள். கென்யாவில் நீங்கள் சேர்க்கும் படிவங்களை மாலை நேரங்களில் நான் கணினியில் ஏற்ற வேண்டுமாம். உங்களுக்கு ஆய்வு, எனக்கு ஓய்வில்லை. நீங்கள் புள்ளி, நான் விபரம். பட்டம் மட்டும் உங்களுக்கு.

தண்டனை பெற்ற தங்கை,
கிருசிகா


கிசுமு
9 மார்ச் 2025

அன்புள்ள கிருசிகா,

ஏரிக்கரைக் காற்று நல்லது, நுளம்பு கெட்டது, நான் நடுவில் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பாவை அதிகம் சீண்டாதே.

நீ ஏற்றிய முதல் இருபது படிவங்களைப் பார்த்தேன். பன்னிரண்டாம் படிவத்தில் பிள்ளையின் வயது இருநூற்று நான்கு. அது வீட்டு இலக்கம். பதினேழாம் படிவத்தில் தாயின் தொழில் 'மீன்'. கிருசி, இது என் முதுகலைப் பட்டம். இதிலாவது விளையாடாதே.

ஒருதரம் வடிவாக விளங்கப்படுத்துகிறேன். இங்கே பெண்கள் விடிய நாலரைக்கே ஏரிக்கரைக்கு மீன் வாங்கப் போய்விடுகிறார்கள். பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் ஏழரைக்குத்தான் திறக்கும். அந்த மூன்று மணித்தியாலம் சின்னப் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. இங்குள்ள பராமரிப்புப் பயிற்சி நிலையத்தின் ஆறு மாணவிகள் ஆளுக்குப் பதினைந்து வீடு என்று போய்க் கேட்டு, கையால் எழுதி, அதைப் படமெடுத்து உனக்கு அனுப்புகிறார்கள். பெயர் இராது, இலக்கம் மட்டும். இதை ஒழுங்காகச் செய்தால்தான் அவர்களுடைய பயிற்சியும் நிறைவேறும்.

பதினான்காம் கேள்வியில் மட்டும் பிழை விடாதே. 'கடந்த கிழமையில் உங்கள் சின்னப் பிள்ளையைப் பத்து வயதுக்குக் குறைந்த இன்னொரு பிள்ளையின் பொறுப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட்டுச் சென்றீர்களா?' ஓம் என்றால் அந்த வீடு 'போதிய பராமரிப்பு இல்லை' என்ற நிரலுக்குள் போகும். பதினைந்தாம் கேள்வியில் அந்தப் பார்க்கிற பிள்ளையைப் பற்றி நாலு வரி இருக்கும், அதை முழுதாக ஏற்று. நிரலில் இடமில்லாத வேறு எதையும் ஏற்றாதே.

பொறுமையோடு (இப்போதைக்கு),
அக்கா


வின்டர்தூர்
1 ஏப்பிரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் படியில் ஏறும்போது மட்டும் கதைக்கிறது. நீங்கள் நுளம்புக்கு அளவாகச் சாப்பாடு போடுங்கள்.

உங்கள் நாலாம் இலக்க மாணவிக்கு என்ன பிரச்சினை? மற்ற ஐந்து பேரும் கட்டத்துக்குள் எழுதுகிறார்கள். இவர் கட்டத்தை விட்டு ஓரமெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிறுக்கி வைத்திருக்கிறார். வாசித்தால் கண் போய்விடும். நிரலில் இடமில்லாததால் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னபடிதான்.

இங்கே என் கதையைக் கேளுங்கள். கீட்டாவுக்குப் புதிதாக ஒரு பத்து மாதப் பெண்குழந்தை வந்திருக்கிறது. சும்மா வந்துவிட முடியாது. இரண்டு கிழமை பழக்குவார்கள். முதல் மூன்று நாள் தாய் பக்கத்திலேயே இருப்பார். நாலாம் நாள் பத்து நிமிடம் வெளியே போவார். ஐந்தாம் நாள் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் பிள்ளை எத்தனை தரம் கதவைப் பார்த்தது என்று நான் குறித்து வைக்க வேண்டும். பதினொரு தரம். தாய் கதவுக்கு வெளியே நின்று எத்தனை தரம் எட்டிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. நான் எண்ணினேன். பத்தொன்பது.

அங்கே நாலரைக்குப் போகிற தாய்மாருக்கு இப்படி ஒரு கதவும் இல்லை, குறித்து வைக்க ஒரு கிருசிகாவும் இல்லை. அதை யோசித்துக்கொண்டே, ஆளில்லாத வீடுகள் போக, எண்பத்தெட்டுப் படிவத்தையும் ஏற்றி முடித்துவிட்டேன். கடைசிப் படிவத்தை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் இந்தக் கடிதத்தின் திகதியை ஒருக்கால் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு,
கிருசிகா


கிசுமு
13 ஏப்பிரல் 2025

அன்புள்ள கிருசிகா,

நாளைக்குப் புதுவருசம். அம்மா அப்பா காலில் எனக்காகவும் விழுந்து எழும்பு. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை.

திருத்தமாக ஏற்றியிருக்கிறாய். நன்றி. உன்னிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எண்பத்தெட்டாம் படிவத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. தாயும் தகப்பனும் நாலு மணிக்கே போய்விடுகிறார்கள். ஒன்பது வயது அக்கா, ஒரு வயதுத் தங்கை. பால் சுடவைக்கிற நேரம் தங்கை அடுப்படிக்கு வராமலிருக்க, அவளைத் தாயின் சால்வையால் மேசைக்காலோடு கட்டி வைக்கிறாள். வாய்ப்பாட்டைத் தாலாட்டாகப் பாடி நித்திரையாக்குகிறாள். கடைசியில் 'ஒரு நாளும் தவறியதில்லை' என்று எழுதியிருக்கிறது.

எனக்கு அந்தத் தாயில்தான் ஆத்திரம். ஒன்பது வயதுத் தோளில் ஒரு வயதை ஏற்றிவிட்டு எப்படி வாசலைத் தாண்டினாள்? பெறத் தெரிந்தவளுக்கு வளர்க்கத் தெரியாதா? ஆய்வாளர் இப்படி எழுதக் கூடாது, எனக்குத் தெரியும். உனக்குத்தானே எழுதுகிறேன்.

என் ஆய்வறிக்கையை இந்த வீட்டிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். அடுத்த கிழமை நேரே போய் அந்த மூத்த பிள்ளையைப் பார்க்கப் போகிறேன். நாலாம் இலக்க மாணவி போன வீடு. அவளுடைய பெயர் அத்தியேனோ. அவளே கூட்டிக்கொண்டு போவாள்.

திகதியைப் பார்க்கச் சொன்னாயே, ஏன்? விளங்கவில்லை.

அன்புடன்,
அக்கா


வின்டர்தூர்
20 ஏப்பிரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காய்ச்சலைக் கேட்டு அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். உடம்பைப் பாருங்கள். மழையில் அலைய வேண்டாம். முக்கியமாக வீடு தேடி அலைய வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாக வாசிக்கச் சொன்னார். வழக்கம்போலச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, மூத்த மகள் எழுதிய கடிதம் என்ற பெருமையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் 'எண்பத்தெட்டாம் படிவத்தை' என்ற இடம் வந்ததும் இருமினேன். இருமி இருமி, 'எனக்கு அந்தத் தாயில்தான்' என்ற பந்தியையும் தாண்டிப் போய்விட்டேன். "என்னடி, இடையிலை விழுங்கிறாய்?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்கப் போனேன்.

அக்கா, நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் படிவத்தில் வாய்ப்பாடு, மேசைக்கால், ஒன்பது வயது, ஒரு வயது. இதையெல்லாம் வாசிக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையா? ஒரு சின்ன மணி கூட அடிக்கவில்லையா? ஏப்பிரல் முதலாம் திகதி உலகம் முழுக்க என்ன நடக்கும் என்று கென்யாவில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

அறிக்கையை வேறு வீட்டில் தொடங்குங்கள். இருபத்து மூன்றாம் படிவம் அருமையான வீடு. ஆடு கூட இருக்கிறது.

இருமலுடன்,
கிருசிகா


கிசுமு
5 மே 2025

கிருசிகா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு நாள் சேற்றுக்குள் நடந்தேன். அப்படி ஒரு வீடு இல்லை. அத்தியேனோ தான் பதினாலு வீட்டுக்குத்தான் போனதாகவும், பதினைந்தாவது வீட்டில் ஆள் இல்லையென்றும் சொல்கிறாள். கணினியில் அவளுடைய இலக்கத்தில் பதினைந்து இருக்கிறது. கடதாசியைக் காட்டு என்றால், அப்படி ஒரு கடதாசி தன்னிடம் இல்லை என்கிறாள். கணக்கை நிரப்ப ஒரு வீட்டைச் சோடித்து அனுப்பிவிட்டு இப்போது மறைக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. என்னைப் பார்த்து ஒரு சொட்டுக் கூடப் பயப்படாமல், தான் எழுதாததை எழுதினேன் என்று சொல்ல முடியாது என்கிறாள்.

ஒரு நிமிடம் உன்னையும் யோசித்தேன். பிறகு வெட்கப்பட்டு, உனக்கு வந்த படத்தைக் கேட்காமல் விட்டேன். நீ குழப்படிதான், ஆனால் என் பட்டத்தில் விளையாடுகிற ஆள் இல்லை.

பயிற்சி நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கூடி முடிவெடுப்பார்கள். பொய்த் தரவு கொடுத்தது உறுதியானால் அவளை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு வடிவாகப் பொய் எழுதுகிறவளிடம் பிள்ளைகளை எப்படிக் கொடுப்பது?

நீ ஏப்பிரல், ஆடு என்று எழுதியதற்குப் பதில் எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை.

அக்கா


வின்டர்தூர்
5 மே 2025, உங்கள் கடிதம் வந்து பத்து நிமிடத்தில்

அக்கா,

அது நான்.

அத்தியேனோ இல்லை. எண்பத்தெட்டாம் படிவத்தை நான் இருந்து கட்டினேன். கடைசியாக வந்த படிவங்கள் நாலாம் இலக்க மாணவியுடையவை, அதனால் நாலைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்து, சிரித்து, எனக்குப் பேச்சுத் தருவீர்கள் என்று நினைத்தேன். உடனே அந்த நிலையத்துக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முதல் எழுதுங்கள். வேண்டுமென்றால் நானே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன், எழுத்துப்பிழையோடு.

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் ஏப்பிரல் கடிதம் வந்தபிறகு சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த வீடு கிசுமுவில் இல்லை. ஹன்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எனக்குச் சொன்ன எங்கள் வீடு. நான் ஒரு வயது, நீங்கள் ஒன்பது. அம்மா விடிய அலுவலகக் கந்தோர்கள் துடைக்கப் போன காலம், அப்பா ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு வேலை. மீனும் ஏரியும் மட்டும்தான் நான் போட்டது. மேசைக்கால், வாய்ப்பாடு, 'ஒரு நாளும் தவறியதில்லை', எல்லாம் அம்மா சொன்னது. சிரித்துச் சிரித்துச் சொன்னார். உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

நீங்கள் 'பெறத் தெரிந்தவள்' என்று எழுதியது அவரைத்தான். அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று கிழமை இருமினேன்.

கிருசிகா


வின்டர்தூர்
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்து போய், இன்னொரு வெள்ளியும் போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. ஏசுங்கள். ஏசாமல் இருக்காதீர்கள், பழக்கமில்லை. அத்தியேனோவுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி போட்டால் போதும்.

நேற்று நீங்கள் அம்மாவோடு நாற்பது நிமிடம் கதைத்தீர்கள் என்று தெரியும். அம்மா குசினிக் கதவைச் சாத்திவிட்டார். பிறகு கதவைத் திறந்து கோப்பை கழுவினார். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினார். நான் துடைத்தேன்.

கிருசிகா


வின்டர்தூர்
25 மே 2025

அன்புள்ள மகள் சிவரூபினி அறிய அம்மா எழுதுவது,

(எழுதுவது அம்மா, தட்டுவது நான். சொல்லுக்குச் சொல் தட்ட வேண்டும், ஒன்றும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று உத்தரவு. அடைப்புக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு. கி.)

நாங்கள் சுகம் பிள்ளை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. ரெலிபோனிலை அழுதழுது மன்னிப்புக் கேட்டாய். எதுக்கெண்டு கேட்டால் சொல்லேல்லை. இவளைப் பிடிச்சு இருத்திக் கேட்டன், எல்லாத்தையும் கக்கிப்போட்டாள். நீ எழுதின அந்த வரியையும் வாசிப்பிச்சன். ரெண்டு தரம்.

(மூன்று தரம்.)

எனக்குக் கோவமில்லை. ஆனால் எழுதுறதெண்டால் சரியா எழுதுங்கோ. சால்வை இல்லை, கொப்பாவின்ரை பழைய சாரம். பால் சுடவைக்கவும் இல்லை. அடுப்புப் பக்கம் போனால் கையை முறிப்பன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறனான். போத்திலிலை ஊத்தி, துவாயாலை சுத்தித் தலைமாட்டிலை வைச்சிட்டுப் போவன்.

மற்றது, உன்ரை பேப்பரிலை ஒரு கேள்வி குறையுது. நான் சும்மா விட்டிட்டுப் போகேல்லை. அஞ்சரைக்கு ஒருக்கால், ஆறரைக்கு ஒருக்கால், கந்தோர் ரெலிபோனிலையிருந்து ரெண்டு மணி அடிக்க விடுவன். நீ எடுத்து "ஓம்" எண்டு சொல்லி வைப்பாய். அந்த ஓம் கேட்டால்தான் நான் அடுத்த அறையைத் துடைப்பன். உனக்கு இது மறந்துபோச்சோ? அந்த மீன்காரப் பெண்டுகளிட்டை இதைக் கேட்டனியோ? பிள்ளையளை விட்டிட்டுப் போனியோ எண்டு கேக்கிறியள். போன இடத்திலை அதுகளின்ரை மனம் எங்கை கிடந்தது எண்டு கேக்கிறியளில்லை.

அந்தப் பெட்டைக்கு, அவளின்ரை பேர் என்ன, அத்தியேனோ, அவளுக்கு நேரிலை போய்ச் சொல்லு. கடிதத்திலை சொல்லாதை.

ஒரு நாள் மட்டும்தான் அந்த ஓம் கேக்கேல்லை. அண்டைக்கு

(இந்த இடத்தில் அம்மா நிறுத்திவிட்டார். "அதை எழுதாதை, அழி" என்றார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.)

வேறை விசேசம் இல்லை. மலேரியாக் குளிசையை மறக்காதை.

இப்படிக்கு,
அம்மா


கிசுமு
8 யூன் 2025

அன்புள்ள கிருசிகா,

நான் சுகம். குளிசை போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

முதலில் அத்தியேனோ. உன் கடிதம் கிடைத்த அன்றே பயிற்சி நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தேன். பிறகு ஆறு மாணவிகளுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "ஓரத்தில் எழுதியதை ஏற்றினீர்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அம்மாவின் கடிதம் வந்தபிறகுதான் அவளுடைய பதினாலு கடதாசியையும் எடுத்து வைத்து வாசித்தேன். சந்தையிலிருந்து தாய் ஆறு மணிக்குத் தொலைபேசியில் ஒரு மணி அடித்து வைப்பாள். வீட்டிலிருக்கிற பிள்ளை திருப்பி ஒரு மணி அடிக்கும். அடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு அடிப்பாள். வீட்டுக்கு வீடு இதையே வேறு வேறு நேரம் போட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஆறு பேரில் அவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். நிரலில் இடமில்லாததை விடச் சொன்னது நான். எண்பத்தேழு வீட்டுக்கும் திரும்பப் போகிறோம். இந்த முறை கேள்வியை அவள்தான் எழுதியிருக்கிறாள்.

நீ செய்தது பகிடி இல்லை, கிருசி. ஒரு பிள்ளையின் படிப்பு போகப் பார்த்தது. இதை நான் ஒருதரம்தான் சொல்வேன்.

இனி, அம்மா அழிக்கச் சொன்னது.

நான்காம் வகுப்பில் ரைன் நீர்வீழ்ச்சிக்குச் சுற்றுலா. ரயில் ஆறு நாற்பதுக்கு. அம்மா வீட்டுக்கு வர ஏழேகால் ஆகும். "அடுத்த வருசம் போகலாம்" என்று சொல்லியிருந்தார். நான் ஓம் என்று சொன்னேன். அன்றைக்கு விடிய உன்னைத் தொட்டிலில் படுக்க வைத்து, போத்திலைக் கையில் தந்து, கதவைப் பூட்டிவிட்டு ஆறேகாலுக்குப் போய்விட்டேன். ஆறரை மணி அழைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவைத் திறந்து, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. கொம்பனியை மூடிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அந்தக் கொம்பனியின் வாகனத்தை நான் தினமும் கண்டேன்.

உன் படிவத்தை வாசித்ததும் எங்கள் வீடு எனக்குத் தட்டுப்படாமல் இல்லை. தட்டுப்பட்டதால்தான் அந்தத் தாயை அப்படி ஏசினேன். 'ஒரு நாளும் தவறியதில்லை' என்று கடைசியில் இருந்ததே, அப்படி ஒரு பிள்ளை உண்மையாக எங்காவது இருந்தால் ஒருக்கால் பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டு நாள் சேற்றுக்குள் நடந்தது அதற்குத்தான்.

எண்பத்தெட்டாவது வரிசையை அழித்துவிடு.

அக்கா


வின்டர்தூர்
11 யூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். ஹன்டி விடுதலையாகிவிட்டது. அப்பா ஒரு கிழமை முன்னதாகவே தந்தார், நல்ல நடத்தைக்காக. அவருக்கு இன்னும் விசயம் தெரியாது. கையில் ஹன்டி இருந்தும் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். ஹன்டியில் எழுதினால் நடுவில் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிடுவேன்.

எண்பத்தெட்டை அழித்துவிட்டேன். ஓரக் குறிப்புகளை அத்தியேனோ நேற்று அனுப்பினார். பதினாலும் ஏற்றியாயிற்று. அவருடைய கையெழுத்தை எறும்பு என்று ஏசியதையும் ஒப்புக்கொண்டு அவருக்கு நானும் தனியாக எழுதினேன். பதில் வந்தது, ஒரே வரி: உங்கள் கையெழுத்தை நான் பார்க்க வேண்டியிராதது என் அதிர்ஷ்டம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவருக்கு என்னைப் பிடிக்க நாளாகும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. குளிசைச் செய்தியை மட்டும் சொன்னேன். பிறகு, நான் ஒரு வயதில் எப்பவாவது வீட்டில் தனிய இருந்தேனா என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். அம்மா முதியோர் இல்லத்து வேலைச் சட்டைகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியை மினுக்கி முடித்தார்.

பிறகு சொன்னார். ஆறரைக்கு அடித்திருக்கிறார், எடுக்கவில்லை. திரும்ப அடித்திருக்கிறார். தூசி உறிஞ்சியை நிற்பாட்டவும் இல்லையாம், அது ஓடிக்கொண்டே இருக்க வெளியே ஓடியிருக்கிறார். பஸ் இல்லை. கதவைத் திறந்தால் நான் தொட்டிலை விட்டு எப்படியோ இறங்கி, குசினிக்குள் போய், வறுத்த மாப் பையை இழுத்துக் கொட்டி, தலையில் இருந்து கால்வரை வெள்ளையாக இருந்து சிரித்தேனாம். ஒரு கீறல் இல்லை, ஒரு அழுகை இல்லை.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதே" என்றேன்.

"எங்கை முடிஞ்சது?" என்றார். "உன்னைக் கண்டன். அவளைக் காணேல்லையே."

மாவோடு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு றோட்டு றோட்டாக ஓடியிருக்கிறார், அக்கா. விளையாட்டு இடம், ஆற்றங்கரை, ரயில் பாதை. பள்ளிக்கூடம் திறக்கும் மட்டும் அதன் வாசலில் நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத்தார் சுற்றுலாவுக்குப் போன ஆசிரியையோடு தொலைபேசியில் கதைத்து, பிள்ளை வகுப்போடுதான் இருக்கிறாள் என்று சொல்லும்போது பத்து மணி. வேலை போனது அதற்குத்தான். திரும்பிப் போய் அந்தத் தூசி உறிஞ்சியை நிற்பாட்ட அவருக்கு நினைவு வரவில்லை.

"ஏன் அக்காவுக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

சட்டையை மடித்து வைத்தார். "பின்னேரம் வந்து நிண்டாள். மூஞ்சை சின்னனாக் கிடந்தது. ஒன்பது வயசு. சின்னவளை ஆர் பாக்கிறது, ஆர் பாக்கிறது எண்டு ரெண்டு பேரும் யோசிச்சமே, இவளை ஆர் பாத்தது எண்டு அண்டைக்குத்தான் எனக்கு ஓடி வெளிச்சது. அதை என்னெண்டு பிள்ளையிட்டைச் சொல்லுறது?"

நான் கட்டிய கதையை நம்பி நீங்கள் இரண்டு நாள் நடந்தீர்கள். இதையும் நான்தான் கட்டினேன் என்று இப்போது யோசிப்பீர்கள், தெரியும். என்னை நம்ப வேண்டாம். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அவரையே கேளுங்கள்.

நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பேன்.

உங்கள் கையில் வளர்ந்த,
கிருசிகா